பச்சை நூல் கட்டிய சிவப்பு உள்ளான்

பாவாடை, நேமிராஜ் நைனாருக்கு வட்டியும் முதலுமாக நூற்றிருபது ரூபாய் தர வேண்டியிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தாம் வருஷம் ஆடி மாதத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விதைக்காக வாங்கிய கடன். விதை மண்ணுக்குள் போனது, மழை வரவில்லை. கருகிய செடியை மாட்டுக்குப் பிடுங்கிப் போட்ட பிறகு, ஐப்பசியில் வந்து கொட்டு கொட்டென்று கொட்டியது. வயலுக்கு ஆகாத மழை ஏரிக்கு ஆயிற்று. பங்குனி கடைசிக்குள் பணம் கட்டாவிட்டால் பாவாடையின் அரைக்காணி மேட்டு நிலம் மூன்று வருஷத்துக்கு நைனார் கைக்குப் போக்கியமாகப் போய்விடும். பத்திரம் அப்படித்தான் எழுதியிருந்தது.

அந்தப் பத்திரத்தில் பாவாடை கைநாட்டு வைக்கவில்லை. பா, வா, டை என்று மூன்று எழுத்தையும் நிறுத்தி நிதானமாகப் போட்டான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனால் சிங்கவரத்திலிருந்து செஞ்சி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவன் வயசுக்காரர்களில் எத்தனை பேர் மை தொடாமல் பேனா பிடித்திருக்கிறார்கள்? அவன் அப்பனுக்குக் கையகல மண் கிடையாது. பாட்டனுக்கும் கிடையாது. பத்து வயசில் ஊரான் ஆட்டைக் கோட்டை மலையில் மேய்த்து, பதினைந்து வயசில் கிணறு வெட்டி, முப்பத்திரண்டு வயசில் அரைக்காணி வாங்கினான். யாரும் கொடுத்ததில்லை. அந்த நிலத்து வரப்பில் நடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வான். கேட்டால், "எங்க வூட்டு மண்ணுயா, கால்ல படட்டும்" என்பான்.

இன்னொரு பெருமையும் அவனுக்கு உண்டு. உள்ளான் பிடிப்பதில் அவனை மிஞ்ச அந்தத் தாலுகாவில் ஆள் இல்லை. சிங்கவரத்து ஏரியில் கார்த்திகை பிறந்தால் உள்ளான் வந்து இறங்கும். எல்லாம் சேற்றில் காலூன்றி நின்று, மூக்கை விட்டுத் துழாவித் தின்கிற பறவைகள். அதில் சிட்டுக்குருவி அளவும் உண்டு, புறா அளவும் உண்டு. புறா அளவில், குச்சிக் காலும் அரைச் சாண் மூக்குமாக நிற்பதற்கு நெட்டுள்ளான் என்று பாவாடையே பெயர் வைத்திருந்தான். சாம்பல் பூசியது போல ஒரு நிறம். பறக்கும்போது மட்டும் இறக்கையில் வெள்ளைக் கோடு மின்னும்.

அதைப் பிடிக்கத் துப்பாக்கி வேண்டாம், வலை வேண்டாம். ஜட்கா வண்டிக் குதிரையின் வால்மயிர் போதும். வண்டிக்காரனுக்கு ஒரு பீடிக்கட்டு கொடுத்து மயிர் வாங்கி, அதில் சுருக்குப் போட்டு, நீளக் கயிற்றில் சாணுக்கு ஒரு சுருக்காகக் கட்டி, முழங்கால் சேற்றில் முளையடித்து விட்டுவிடுவான். பறவை நடக்கும், கால் மாட்டும், பாவாடை எழுந்து போவான். ஒரு கால் முறிந்ததில்லை. முறிந்தால் விலை போகாது என்பது ஒரு காரணம், கைநேர்த்தி என்பது மற்றொரு காரணம். இரண்டாவதைத்தான் அவன் வெளியில் சொல்வான்.

சந்தை நாளில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உயிரோடு விற்பான். மிலிட்டரி ஓட்டல்காரன் முக்கால் ரூபாய் கொடுப்பான். ராஜமதி அம்மாள் ஒரு ரூபாய் கொடுப்பார்.

ராஜமதி அம்மாள் வேறு யாருமில்லை. நேமிராஜ் நைனாரின் வீட்டுக்காரி. செஞ்சியில் மல்லாட்டை மண்டி வைத்திருக்கிற சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தால் வாயில் ஒரு பருக்கை போடமாட்டார்கள், விளக்கில் பூச்சி விழுந்துவிடும் என்று. அந்த அம்மாளுக்குக் கண்ணெதிரே ஒரு பறவை காலைக் கட்டிக்கொண்டு கிடப்பது பொறுக்காது. கூடையோடு வாங்கி, கொல்லைப்புறம் கொண்டுபோய்க் கட்டை அவிழ்த்து விட்டுவிடுவார். அது நேராக சிங்கவரத்து ஏரிக்கே திரும்பி வரும். பாவாடை திரும்பவும் பிடிப்பான். இதில் பாவாடைக்கு வெட்கமே இல்லை. விட்டது அவர்கள் தர்மம், பிடிப்பது நம் தொழில்.

தை மாதத்தில் ஒருநாள் அந்த அம்மாள் ஒரு நெட்டுள்ளானைத் தூக்கி உற்றுப் பார்த்தார்.

"பாவாட, இதுக்கு இடது கால்ல நடுவிரலு நகம் இல்ல."

"கல்லுல மோதியிருக்கும்மா."

"போன சந்தைக்கு வாங்கினதுக்கும் இல்ல. அதுக்கு முந்தின சந்தைக்கு வாங்கினதுக்கும் இல்ல. இன்னா, உன் ஏரியில எல்லாத்துக்கும் அதே விரலா கல்லுல மோதுது?"

பாவாடை தலையைச் சொறிந்தான். "அது உங்க மேல பிரியம் வெச்சிட்டு வருதும்மா."

அன்றையிலிருந்து அந்த அம்மாள் ஒரு வேலை செய்தார். வாங்கிய ஒவ்வொரு நெட்டுள்ளானுக்கும் காலில் சாயம் போகாத பச்சை நூலில், மெழுகு தேய்த்து, ஒரு கட்டு. பூ கட்டுகிற முடிச்சு, அதன் மேல் இரண்டு சுற்று, அதன் மேல் இன்னொரு முடிச்சு. பல்லால் கடித்தாலும் அவிழாது. "இந்தக் கட்டு இருந்தா நான் வுட்டதுன்னு அர்த்தம். நீயும் வுட்டுடணும்" என்றார். மாசி முடிவதற்குள் பதினேழு பறவைக்குக் கட்டியாயிற்று. நகம் இல்லாததற்கும் சேர்த்துத்தான். பாவாடையும் சொல் தவறவில்லை. கண்ணியில் பச்சை நூல் தெரிந்தால் நொந்துகொண்டே விட்டுவிடுவான்.

பங்குனி பிறந்தது. ஏரி சுருங்கி நடுவில் ஒரு குட்டையும் சுற்றிலும் சேறுமாக நின்றது. ஒருநாள் விடிகாலையில் கண்ணியில் ஒரு பறவை மாட்டியிருந்தது. அதைப் பார்த்துப் பாவாடை சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். கழுத்தும் மார்பும் சுட்ட செங்கல் நிறம். வயிற்றில் கறுப்புக் கோடு. முதுகில் கறுப்பும் செம்மையுமாகத் திட்டுத் திட்டாக. மூக்கின் அடி ஆரஞ்சுத் தோல் போல. இந்தச் சிவப்பு உள்ளானைப் பங்குனி சித்திரையில் தூரத்திலிருந்து ஊரே பார்த்திருக்கிறது. சாம்பல் உள்ளான் போய்விட்டது, அதற்குப் பதிலாகச் சிவப்பு உள்ளான் வந்துவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இது வேறு சாதி, அது வேறு சாதி.

ஆனால் இந்தச் சிவப்பின் காலில் பச்சை நூல் இருந்தது.

பாவாடை மூளை வேகமாக ஓடுகிற மூளை. ஒரே நொடியில் பிடித்துவிட்டான். போனதும் இல்லை, வந்ததும் இல்லை. ஒன்றுதான். சாம்பல்தான் சிவப்பாகியிருக்கிறது. கோட்டை கட்டின காலத்திலிருந்து ஒருத்தனுக்கும் தெரியாதது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு பெரிய விஷயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு எப்படி இருப்பது? நேராகச் செஞ்சி டீக்கடைக்குப் போனான்.

டீக்கடையில் அவன் பங்காளி விநாயகம் உட்கார்ந்திருந்தான். பாவாடையின் நிலத்துக்குப் பக்கத்து நிலத்துக்காரன். போக்கியத்துக்குப் போனால் உழுவதற்கு நைனாரிடம் முதலில் போய் நிற்கப்போகிறவனும் அவன்தான்.

"கோயில் செவுத்துக்கு அடிச்ச காவி மிச்சம் இருந்துச்சா?" என்று விநாயகம் கேட்டான். "பாதி வயித்துக்கு வெள்ளையடிக்க மறந்துட்டியே."

"காவியா இது? இறகப் பாருடா. ஒவ்வொரு இறகா மொளைச்சிருக்குது."

"சம்சாரத்த தலைக்கு மருதாணி வெக்க வுடாத. ஆளு அடையாளம் தெரியாம போயிடும்."

டீக்கடையே சிரித்தது. டீ ஆற்றுகிறவன் ஒரு ஈரத்துணியை எடுத்துப் பறவையின் முதுகைத் துடைத்துத் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். துணியில் டீக்கறைதான் இருந்தது. "நல்ல சாயமாத்தான் போட்டிருக்கான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

பாவாடை பறவையைத் துண்டில் சுற்றிக்கொண்டு நைனார் வீட்டுக்குப் போனான். நூல் கட்டிய கைக்குத் தெரியாதா? ராஜமதி அம்மாள் நூலைப் பார்த்தார். பறவையின் சிவப்பைப் பார்த்ததும் முடிச்சையும் விரலையும் பார்க்கத் தோன்றவில்லை. உள்ளே போய் வெதுவெதுப்பாகத் தண்ணீரும் சீயக்காயும் எடுத்துவந்தார். குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுவது போல, கண்ணில் படாமல், பறவையின் மார்பைத் தேய்த்துக் குளிப்பாட்டினார். சீயக்காய்த் தண்ணீர் சீயக்காய் நிறத்தில்தான் வடிந்தது. பறவை மட்டும் இன்னும் பளபளப்பாக ஆயிற்று.

"போவலியே" என்றார் அந்த அம்மாள்.

"போவாதும்மா. அதான் சொல்றேன்."

ராஜமதி அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "சாயம் இல்லன்னா இது வேற பறவை. நான் கட்டி வுட்டத நீ கொன்னுட்டு, அது கால்ல இருந்த நூல உருவி இதுக்குப் போட்டுட்ட. ஒரு ரூபாய்க்காகவா பாவாட?"

அவன் பொய் சொன்னபோதெல்லாம் சிரித்துக்கொண்டு காசு கொடுத்தவர், உண்மையைச் சொன்ன நாளில் அழுகிறார். அந்த அம்மாள் ஒரு ரூபாயை அவன் முன்னால் வைத்துவிட்டு, பறவையைக் கொல்லையில் விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துப் பாவாடை மண்டிக்குப் போனான். மடியில் அறுபது ரூபாய். குளிர்காலம் முழுவதும் உள்ளான் விற்றுச் சேர்த்தது. பாதியை இப்போது கொடுத்துவிட்டால் மீதிக்குத் தவணை கேட்கலாம் என்று அம்மாக்கண்ணு சொல்லி அனுப்பியிருந்தாள். அம்மாக்கண்ணு அவன் மனைவி; வீட்டில் யோசனை அவளுடையது, பேச்சு மட்டும் அவனுடையது.

நைனார் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். பணத்தைப் பார்த்ததும் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"இது எந்தப் பணம்?"

"நம்ம சர்க்கார் அடிச்ச பணம்தான், நைனாரே."

"பாவாட, வெளையாடாத. உள்ளான் வித்ததா?"

"ஆமா. கையால சம்பாரிச்சது. திருடலியே."

"ஓட்டல்காரன் கொன்னு கொழம்பு வெச்சதுக்கு குடுத்த காசு என் பெட்டியில வுழக்கூடாது. இதுவரைக்கும் நீ இன்னா பண்றன்னு நான் கேட்டதில்ல. வூட்ல அவ ரெண்டு நாளா சரியா சாப்பிடல. நீ அவளுக்கு குடுத்த வாக்க மீறிட்ட."

"மீறல நைனாரே. சத்தியமா அது அதே பறவைதான்."

"சாம்பல் பறவை செவப்பாச்சுன்னு சொல்ற."

"ஆமா."

"நாளைக்கு என் எருமை வெள்ளையாச்சுன்னு சொல்லுவ." நைனார் கோபமாகச் சொல்லவில்லை. அவர் யாரையும் கோபித்துப் பேசுகிற மனிதர் இல்லை. அதுதான் பாவாடைக்கு உறைத்தது. "மண்ணு வெட்டி குடு. மாடு வளத்து குடு. ஒரு உசுரு நோகாம சம்பாரிச்சு எடுத்துட்டு வா, ரெண்டு கையாலயும் வாங்கிக்கறேன். இல்லன்னா பங்குனி கடைசிக்கு அப்புறம் பத்திரம் பேசும்."

பங்குனி முடிய இருபது நாள் இருந்தது. மண் வெட்டினால் நாளைக்கு ஒன்றரை ரூபாய். அதுவும் தினமும் வேலை கிடைத்தால். விநாயகம் அதற்குள் நைனாரைப் பார்த்துப் பேசிவிட்டான் என்று அம்மாக்கண்ணு கேள்விப்பட்டு வந்து சொன்னாள்.

அந்த வாரம் செஞ்சிக்கு ஒரு ஆள் வந்து பயணியர் விடுதியில் தங்கினார். ராமகிருஷ்ணன் என்று பெயர். மெட்ராஸில் ஒரு காலேஜில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவர். கழுத்தில் தூரத்துக் கண்ணாடி, காலில் முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ். மூன்று நாள் ஏரிக்கரையில் வெயிலில் நின்றார். அவர் கரையில் நின்றால் பறவை நடுவில் நிற்கும். அவர் நடுவுக்குப் போனால் பறவை அடுத்த ஏரிக்குப் போகும். மூன்றாம் நாள் பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டு, பூட்ஸை விட்டுவிட்டு மனிதர் மட்டும் கரையேறினார். கீழே போய் அதை எடுத்துவந்து கொடுத்தவன் பாவாடை.

"இன்னா சார் தேடறீங்க? மூணு நாளா பாக்கறேன்."

"வடக்கே திரும்பிப் போறதுக்கு முன்னாடி இந்தப் பறவைங்க நிறம் மாறும். அத கிட்டத்துல பாக்கணும். கையில எடுத்து அளந்து, கால்ல ஒரு வளையம் போட்டு விடணும்."

பாவாடை இன்னும் கிட்டத்தில் வந்தான். "இன்னொரு தடவ சொல்லுங்க சார். நிறம் இன்னா ஆவும்?"

"மாறும். இப்ப சாம்பலா இருக்கிறது சித்திரைக்குள்ள செவப்பாயிடும். முட்டை வெச்சுக் குஞ்சு பொரிக்கிற காலம் நெருங்குது இல்ல? பழைய இறகு உதிர்ந்து புது இறகு வரும். கல்யாணச் சட்டை மாதிரி."

"சார்," என்றான் பாவாடை, "நீங்க காலேஜ்ல படிச்சு தெரிஞ்சுகிட்டீங்க. நான் படிக்காமயே கண்டுபுடிச்சிட்டேன். இந்த ஊர்ல நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்." பச்சை நூல் கதையை முழுக்கச் சொன்னான். சீயக்காய் வந்த இடத்தில் ராமகிருஷ்ணன் வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் நோட்டை எடுத்தார். எந்தத் தேதியில் நூல் கட்டினார்கள், எந்தத் தேதியில் சிவப்பாகப் பிடிபட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ஒரு படித்த மனிதன் தன் பேச்சைக் கேட்டுக் கேட்டு எழுதுவதைப் பாவாடை அன்றைக்குத்தான் பார்த்தான். வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாகச் சொன்னான்.

பேரம் அங்கேயே முடிந்தது. உயிரோடு, சிராய்ப்பு இல்லாமல் பிடித்துக் கொடுத்தால் சாம்பலுக்கு இரண்டு ரூபாய், சிவப்புக்கு நான்கு. அளந்து வளையம் போட்ட பிறகு பாவாடை கண்ணெதிரிலேயே விட்டுவிடுவார்கள். பச்சை நூல் கட்டிய சிவப்பு ஒன்று கிடைத்தால் பத்து ரூபாய்.

"சாப்பிட மாட்டீங்களா சார்?"

"மாட்டேன்."

"விக்கவும் மாட்டீங்க."

"மாட்டேன்."

பாவாடை அன்று வீட்டுக்குப் போய் அம்மாக்கண்ணுவிடம் சொன்னான். அவள் முறத்தை நிறுத்திவிட்டு, "புடிச்சத வுடறதுக்கா காசு?" என்றாள். "அந்த நைனார் வூட்டம்மாவுக்கு அண்ணன் தம்பி யாராவது மெட்ராஸ்ல இருக்காங்களா கேளு."

அதற்குப் பிறகு நடந்ததைப் பாவாடை பின்னாளில் எத்தனை தடவை சொன்னாலும் சலித்ததில்லை. நட்சத்திரம் மங்குகிற நேரத்துக்கு இரண்டு பேரும் ஏரியில் இருப்பார்கள். கண்ணி போட்டுவிட்டு நாணல் மறைவில் குந்துவார்கள். கிழக்குக் கரைக்குப் பின்னால் வானம் வெளுக்கும். சேற்றில் தேங்கின தண்ணீர் தகரம் போலத் தெரியும். முதல் வெயில் கரை தாண்டி விழுகிற அந்த நேரத்தில் கூட்டம் வந்து இறங்கும். இருநூறு இருக்கும். வெயில் மேலே பட்டதும் ஏரி முழுக்கத் தணல் கொட்டினது போலாகிவிடும். ஒவ்வொன்றும் சிவந்த மார்போடு, தண்ணீரில் தன் நிழலைக் குத்திக் குத்தித் தின்னும். சண்டை போடும். ஒன்றை ஒன்று துரத்தும். வளவளவென்று பேசும். சாம்பலாக இருந்தபோது ஒரு சத்தமும் போடாத கூட்டம் அது.

"கல்யாண வூடு மாதிரி இருக்குது" என்று பாவாடை கிசுகிசுத்தான். இருபது வருஷமாக இதே ஏரியில் கண்ணி போட்டவன். அது வரைக்கும் பறவையைப் பார்க்கும்போது முக்கால் ரூபாய்தான் தெரிந்தது. இப்போது நான்கு ரூபாய் தெரிந்ததோடு, பறவையும் தெரிந்தது.

ஒரு தப்பும் செய்தான். மார்பு பாதி சிவப்பும் பாதி சாம்பலுமாக, அங்கங்கே இறகு கொட்டின மாதிரி நான்கு மாட்டின. சொறி பிடித்தது, சாருக்கு ஆகாது என்று அவனே முதல் நாள் விட்டுவிட்டான். மறுநாள் பேச்சுவாக்கில் சொன்னபோது ராமகிருஷ்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அதுதான் பாவாடை எனக்கு முக்கியமா வேணும். மாறிக்கிட்டு இருக்கறப்பவே கையில கெடைச்சா எவ்வளவு பெரிய விஷயம்."

"அப்ப பாதி செவப்புக்கு எவ்ளோ?"

"முழு விலை."

"சொறிக்கு முழு விலையா" என்று பாவாடை மனசு நொந்துபோனான். பதினாறு ரூபாய் பறந்து போயிருந்தது.

இருந்தாலும் பதினைந்து நாளில் சிவப்பும் பாதிச் சிவப்புமாக இருபத்துநான்கு, சாம்பல் ஒன்பது. எதுவும் நொண்டவில்லை. பாவாடை பிடித்த பிடியில் ராமகிருஷ்ணன் அசந்துபோனார். பறவையின் கண்ணைத் துண்டால் மூடினால் அது அடங்கிவிடும் என்று பாவாடை காட்டினான். நம்பர் வெட்டின தகர வளையத்தைக் குறட்டால் மூடுவதற்கு அவர் காட்டினார். ஆறாம் நாள் அவர் கண்ணாடி வழியாகப் பார்த்து, கூட்டத்தின் நடுவில் சிவப்பான ஒன்றின் காலில் பச்சை தெரிகிறது என்றார். அதற்குப் பின் தினமும் அது தெரியும். கண்ணிக்குப் பக்கத்தில் வராது. நூற்றுப் பதினான்கு ரூபாய் சேர்ந்திருந்தது. இன்னும் ஆறு வேண்டும்; பழைய அறுபதைத்தான் நைனார் தொடமாட்டாரே.

ஊரில் பேச்சு நைனாருக்கும் எட்டியது. பாவாடை போய்ச் சொன்னபோது அவர் கேட்டார், "வளையம் போட்டு வுடறானா? இல்ல, பொட்டிகட்டி பட்டணத்துக்கு எடுத்துட்டு போய் அறுத்து பாக்கறானா? காலேஜ்ல அறுக்கறாங்கன்னு சொல்றாங்க."

"வந்து பாருங்க நைனாரே. அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

"கண்ணால பாத்தாத்தான் வாங்குவேன்."

பங்குனி கடைசி நாள். இருட்டு பிரியும்போதே நைனாரின் கூண்டு வண்டி ஏரிக்கரையில் வந்து நின்றது. நைனார் கீழே பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்கினார். ராஜமதி அம்மாள் வண்டியைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். பாவாடை பக்கம் திரும்பவில்லை. அவர்களுக்குப் பின்னாலேயே, நிலம் யாருக்கு என்று பார்த்துவிட்டுப் போகலாமென்று, விநாயகமும் சைக்கிளில் வந்துவிட்டான்.

வெயில் ஏறியது. கூட்டம் வரவில்லை.

"ரெண்டு நாளா குறைஞ்சுக்கிட்டே வந்தது" என்றார் ராமகிருஷ்ணன் மெதுவாக. "ராத்திரி கிளம்பிட்டிருக்கும்."

"நல்ல மாப்பிள்ளைங்க. பொண்ணு வூட்டுக்குச் சொல்லாமயே போயிட்டாங்க" என்றான் விநாயகம்.

பாவாடையின் காது வேறு பக்கம் இருந்தது. வடக்குக் கரையில், வேலங்காட்டுக்கு மேல், அந்த வளவளச் சத்தம். கண்ணியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். அந்த மூலையில் ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர் மிச்சம் இருப்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். முளையடித்துவிட்டுத் தவழ்ந்தே திரும்பினான். பதினோரு பறவை சுற்றிச் சுற்றி வந்து அங்கே இறங்கியது. அத்தனையும் சிவப்பு.

ராமகிருஷ்ணன் கண்ணாடியை நைனாரிடம் கொடுத்தார். நைனார் வைத்துப் பார்த்ததும் சட்டென்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார், பறவையை மிதித்துவிடப்போகிறோம் என்று. பிறகு கண்ணாடியை எடுக்காமலேயே, "ராஜமதி, இங்க வா" என்றார். "எவ்ளோ அழகா இருக்குது பாரு."

அந்த அம்மாள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "ஒண்ணு கால்ல பச்சையா இருக்குதே" என்றார்.

அது நடந்துகொண்டிருந்தது. ஒரு எட்டு, மூக்கைச் சேற்றில் விட்டது. இன்னொரு எட்டு. பாவாடை வாய்க்குள் அதைக் கெஞ்சினான். மூன்றாவது எட்டில் கால் இழுபட்டது. மற்ற பத்தும் இறக்கை மின்ன எழுந்தன. பாவாடை அதற்கு முன்னாலேயே எழுந்து ஓடியிருந்தான்.

துண்டால் கண்ணை மூடி, நெஞ்சோடு அணைத்து, நேராக ராஜமதி அம்மாளிடம் கொண்டுவந்து காலை மட்டும் நீட்டினான். "முடிச்ச பாருங்கம்மா. நான் கட்டின முடிச்சா, நீங்க கட்டினதா?"

அந்த அம்மாள் குனிந்தார். பூ முடிச்சு, இரண்டு சுற்று, மேலே ஒரு முடிச்சு. மெழுகு கூட அப்படியே இருந்தது. அவர் விரல் முடிச்சிலிருந்து இறங்கிப் பறவையின் விரல்களுக்கு வந்தது. இடது கால். நடுவிரல்.

"நகம் இல்ல" என்றார்.

ராமகிருஷ்ணன் துண்டை விலக்கி, கழுத்தோரத்தில் சிவப்புக்கு நடுவே இன்னும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு சாம்பல் இறகைக் காட்டினார். "இது பழைய சட்டைம்மா. நீங்க வாங்கும்போது முழுக்க இப்படி இருந்தது."

"இதத்தான் நான் மூணு தடவ வாங்கினேன்" என்றார் ராஜமதி அம்மாள். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூணு ரூபா. களவாணி."

"பறவையச் சொல்றீங்களாம்மா, என்னையச் சொல்றீங்களாம்மா?"

"ரெண்டு பேரையும்தான்." சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "பாவாட, அன்னைக்கு நீ அத கொன்னுட்டன்னு சொன்னேன். மனசுல வெச்சுக்காத."

பாவாடை அந்த நிமிஷத்துக்கு ஒரு பேச்சு தயார் பண்ணி வைத்திருந்தான். கோட்டை கட்டின காலத்திலிருந்து ஒருத்தனுக்கும் தெரியாதது என்று ஆரம்பிக்கும். ஆனால் வாயில் வந்தது வேறு. "சீயக்காய் போட்டதுக்கு அப்புறம்தான்மா அதுக்கு இவ்ளோ பளபளப்பு" என்றான்.

நைனார் முதல்முறையாகச் சத்தமாகச் சிரித்தார். விநாயகம் சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"எங்கடா கெளம்பிட்ட," என்று பாவாடை கூப்பிட்டான், "காவி பூசியிருக்குதான்னு தொட்டுப் பாத்துட்டுப் போ." விநாயகம் திரும்பி வந்து, ஒரு விரலால் பறவையின் மார்பைத் தொட்டான். விரலைப் பார்த்தான். "இருக்கட்டும் பங்காளி," என்றான், "நீ பெரிய ஆளுதான்." அதைப் பாவாடை அவனை இரண்டு தடவை சொல்ல வைத்தான்.

வளையத்தை ராமகிருஷ்ணன் வலது காலில் போட்டார். பச்சை நூலை அறுக்கலாமா என்று கேட்டதற்கு, இருக்கட்டும் என்றார் அந்த அம்மாள். பறவையை அவர் கையில்தான் கொடுத்தார்கள். இரண்டு கையையும் சேர்த்துத் தூக்கிப் பிடித்தார். அது ஒரு கணம் அந்தக் கையிலேயே நின்றது, புடவை கட்டி முடித்துக் கண்ணாடி பார்க்கிற பெண் மாதிரி. பிறகு எழும்பி, வெள்ளைக் கோடு பளிச்சிட, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, மற்ற பத்தோடு சேர்ந்துகொண்டது. பதினொன்றும் வேலங்காட்டுக்கு மேலாக வடக்கே போய்ப் புள்ளியாகும் வரைக்கும் நைனார் கண்ணாடியை இறக்கவில்லை.

ராமகிருஷ்ணன் பத்து ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்தார். பாவாடை அதை வாங்கி, மடியிலிருந்த துணி முடிச்சை அவிழ்த்து, அதோடு சேர்த்தான். நூற்றிருபத்துநான்கு. நான்கு ரூபாயைத் தனியாக எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டான். அம்மாக்கண்ணுவுக்கு ஒரு ரவிக்கைத் துணி.

நைனார் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேல்துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். வரப்பின் மேலே நின்று வலது கையை நீட்டினார், அதற்குக் கீழே இடது கையையும் வைத்தார்.

"எண்ணிக் குடு பாவாட."

பாவாடை சேற்றுக் காலோடு எதிரில் நின்று, ஒவ்வொரு நோட்டாக, எல்லோருக்கும் கேட்கும்படி வாய்விட்டு எண்ணி, விரிந்த அந்த உள்ளங்கையில் வைத்தான். பத்து ரூபாய் நோட்டுகள் முதலில், அப்புறம் ஐந்து, இரண்டு, கடைசியில் ஒற்றை ஒற்றையாக நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பத்தொன்பது, நூற்றிருபது.